ஹாப்டென் கருதுகோள்

ஹாப்டென் கருதுகோள் என்பது மருந்துகளால் ஏற்படும் ஒவ்வாமையும் பிற மிகையுணர்திறன் வினைகளும் எவ்வாறு தொடங்குகின்றன என்பதை விளக்கும் நோயெதிர்ப்பியல் கருத்தாகும். ஒரு மருந்தோ, உடலுக்குள் அம்மருந்து மாற்றமடைவதால் உருவாகும் வினைத்திறன் மிக்க பொருளோ, உடலின் சொந்தப் புரதம் ஒன்றுடன் நிலையாகப் பிணைந்துகொள்கிறது. அவ்வாறு உருமாறிய புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் அயற்பொருளாகக் கருதித் தாக்குகிறது. இதுவே இக்கருதுகோளின் சாரம்.

மருந்துகளின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை அம்மருந்தின் இயல்பான செயலின் நீட்சியாகவே அமைகின்றன; மருந்தின் அளவு கூடினால் அவையும் கூடும். மிகையுணர்திறன் வினைகள் அவ்வாறானவை அல்ல. அவை வழக்கமான அளவிலேயே, மருந்தைப் பொறுத்து நூற்றில் சிலருக்கோ பல்லாயிரத்தில் ஒருவருக்கோ மட்டும் தோன்றுகின்றன. முதன்முறை மருந்து எடுத்துக்கொள்ளும்போது பல நாட்கள் அல்லது வாரங்கள் கழிந்த பின்னரே பெரும்பாலும் வெளிப்படுகின்றன; இரண்டாம் முறை விரைவாகவும் கடுமையாகவும் வருகின்றன. தோல் தடிப்பில் தொடங்கி, தோல் உரிதல், கல்லீரல் செயலிழப்பு, உயிரிழப்பு வரை இவற்றின் கடுமை வேறுபடும். புதிய மருந்து ஒன்று பொதுவாகச் சில ஆயிரம் பேரிடம் சோதிக்கப்பட்ட பின் விற்பனைக்கு வருவதால், மிக அரிதான வினைகள் அச்சோதனைகளில் வெளிப்படாமல் போகலாம். ஆகவே இவற்றை முன்கூட்டியே அறிய உதவும் எந்தக் கோட்பாடும் மருத்துவத்தில் முதன்மை பெறுகிறது.

பெயரும் வரலாறும்

ஹாப்டென் என்னும் சொல், பற்றுதல் அல்லது கட்டுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தானாகத் தனித்து நோயெதிர்ப்பு வினையைத் தூண்ட இயலாத, ஆனால் ஒரு பெரிய மூலக்கூறுடன் இணைந்தால் தூண்ட வல்ல சிறிய மூலக்கூறைக் குறிக்க, ஆஸ்திரிய அறிவியலாளர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1921ஆம் ஆண்டில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். குருதி வகைகளைக் கண்டறிந்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. ஹாப்டெனைச் சுமக்கும் பெரிய மூலக்கூறு தாங்கி எனப்படுகிறது. உடலில் இத்தாங்கி பெரும்பாலும் ஒரு புரதமாகும்.

லாண்ட்ஸ்டெய்னரும் ஜான் ஜேக்கப்ஸும் நியூயார்க்கிலிருந்த ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் கினிப்பன்றிகளின் தோலில் எளிய வேதிச்சேர்மங்களைச் செலுத்தி ஆய்வு செய்து, 1935இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். டைநைட்ரோகுளோரோபென்சீன் போன்று பிற மூலக்கூறுகளுடன் எளிதில் வினைபுரியும் சேர்மங்கள் விலங்குகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கின. வடிவில் ஒத்திருந்தும் வினைத்திறன் குறைந்த சேர்மங்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒரு பொருளின் ஒவ்வாமைத்திறன் அதன் வேதிவினைத்திறனைச் சார்ந்தது என்னும் கருத்துக்கு இவ்வாய்வே அடித்தளமாயிற்று.

ஆனால் இதில் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒவ்வாமையை உண்டாக்கும் மருந்துகளுள் பல, வேதியியல் நோக்கில் மந்தமானவை. குப்பியில் வைத்தால் புரதத்துடன் வினைபுரியாதவை. இதற்கான விடை புற்றுநோய் ஆய்விலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் இணையர், எலிகளுக்கு உணவுடன் கொடுக்கப்பட்ட அசோ சாயம் ஒன்று அவற்றின் கல்லீரல் புரதங்களுடன் பிணைந்திருப்பதை 1947இல் காட்டினர். தானாக வினைபுரியாத அச்சாயத்தை உடலே வினைபுரியும் பொருளாக மாற்றுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இக்கருத்தும் லாண்ட்ஸ்டெய்னரின் கருத்தும் இணைந்தே இன்றைய ஹாப்டென் கருதுகோள் உருவானது. உடலில் மாற்றமடைந்த பின்னரே ஹாப்டெனாகும் மருந்து, முன்ஹாப்டென் எனப்படுகிறது.

வினைமிகு விளைபொருள் உருவாகும் விதம்

உட்கொண்ட மருந்துகளுள் பல, கொழுப்பில் எளிதில் கரைவனவாகவும் நீரில் அரிதில் கரைவனவாகவும் உள்ளன. அவற்றைச் சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேற்றுவதற்கு உடல் அவற்றை நீரில் கரையும் வடிவுக்கு மாற்ற வேண்டியுள்ளது. இப்பணி முதன்மையாகக் கல்லீரலில் இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் மருந்தை ஆக்சிசனேற்றம் செய்கின்றன. இரண்டாம் கட்டத்தில் வேறு நொதிகள் அதனுடன் குளுக்குரோனிக் அமிலம், சல்பேட்டு, அசிட்டைல் தொகுதி, குளூட்டாதயோன் போன்றவற்றுள் ஒன்றை இணைக்கின்றன.

இவ்வேதிமாற்றத்தின் நோக்கம் நச்சுநீக்கமே. எனினும் சில மருந்துகளில் முதற்கட்டமே எதிர்விளைவைத் தருகிறது. ஆக்சிசனேற்றத்தால் எலக்ட்ரான் குறைபாடுடைய ஒரு பொருள் உருவாகிறது. இது வினைமிகு விளைபொருள் எனப்படும். எப்பாக்சைடுகள், குயினோன்கள், அமிலக் குளோரைடுகள், நைட்ரசோ சேர்மங்கள் ஆகியன இத்தகையவை. இவை எலக்ட்ரான் மிகுந்த அணுக்களைத் தேடிப் பிணைகின்றன. புரதங்களில் அத்தகைய அணுக்கள் நிறைய உள்ளன. குறிப்பாக, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணுவும், லைசின் என்னும் அமினோ அமிலத்தின் நைட்ரசன் அணுவும் எளிதில் இலக்காகின்றன. அங்கு இரு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு உண்டாகிறது. வழக்கமாக மருந்துகள் தம் இலக்குடன் ஏற்படுத்தும் வலுக்குறைந்த பிணைப்பு எளிதில் விடுபடக்கூடியது. சகப்பிணைப்பு பெரும்பாலும் அப்புரதம் சிதைக்கப்படும் வரை நீடிக்கும்.

உடலிடம் இதற்கான பாதுகாப்பும் உண்டு. குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு தன் கந்தக அணுவை முன்வைத்து, புரதங்களுக்கு முன்பாகவே வினைமிகு விளைபொருளைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. எனவே எவ்வளவு விளைபொருள் உருவாகிறது, எவ்வளவு விரைவாக நீக்கப்படுகிறது என்னும் இரண்டிற்கும் இடையிலான சமநிலையே புரதங்களில் எவ்வளவு ஒட்டும் என்பதை முடிவு செய்கிறது.

பிணைப்பிலிருந்து நோய் வரை

பெரும்பாலான மருந்துகளின் மூலக்கூற்று எடை 1000 டால்டனுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய பொருட்கள் தனித்த நிலையில் நோயெதிர்ப்பு வினையைத் தூண்டுவது அரிது. புரதத்துடன் பிணைந்த பின் நிகழ்வனவாக இக்கருதுகோள் கூறும் படிகள் பின்வருமாறு:

1. மருந்து அல்லது அதன் வினைமிகு விளைபொருள் ஒரு புரதத்துடன் பிணைகிறது.
2. கிளையுரு உயிரணுக்கள் போன்ற முன்னிலைப்படுத்தும் உயிரணுக்கள் அப்புரதத்தை உட்கொண்டு சிறு துண்டுகளாக, அதாவது பெப்டைடுகளாக, வெட்டுகின்றன.
3. மருந்து ஒட்டிய பெப்டைடு, மனித வெள்ளணு எதிர்ப்பொருள் எனப்படும் எச்.எல்.ஏ. மூலக்கூறின் பள்ளத்தில் அமர்த்தப்பட்டு, உயிரணுவின் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கப்படுகிறது.
4. அதனை அடையாளங்காணும் ஏற்பியைக் கொண்ட டி உயிரணு ஒன்று இருந்து, துணைச் சைகைகளும் கிடைத்தால், அது பெருகத் தொடங்குகிறது.
5. பெருகிய டி உயிரணுக்கள் தாமே திசுக்களைத் தாக்கலாம். அல்லது பி உயிரணுக்களைத் தூண்டி ஆன்டிபாடி எனப்படும் பிறபொருளெதிரிகளை உருவாக்கச் செய்யலாம்.
6. நினைவு உயிரணுக்கள் எஞ்சுகின்றன. அதே மருந்து மீண்டும் உடலுக்குள் வரும்போது வினை விரைவாக நிகழ்கிறது.

உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி உயிரணுக்களுள் பெரும்பாலானவை, மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமசு சுரப்பியில் முன்னரே நீக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் மருந்து ஒட்டிய பெப்டைடு அச்சுரப்பியில் ஒருபோதும் காட்டப்பட்டதில்லை. ஆகவே அதனை அடையாளங்காணும் டி உயிரணுக்கள் நீக்கப்படாமல் எஞ்சியிருக்கின்றன. உடலின் சொந்தப் புரதம் அயற்பொருளாக மாறுவது இவ்வாறே.

மிகையுணர்திறன் வினைகளை 1963இல் ஜெல், கூம்ஸ் ஆகியோர் நான்கு வகைகளாகப் பிரித்தனர். முதல் வகையில் ஐ.ஜி.இ. என்னும் பிறபொருளெதிரி பங்குகொள்கிறது. தோல் வீக்கமும், சில நிமிடங்களில் உயிருக்கு இடர் விளைக்கும் அனாஃபிலாக்சிஸ் அதிர்ச்சியும் இதனால் ஏற்படுகின்றன. இரண்டாம் வகையில் மருந்து ஒட்டிய உயிரணுக்களைப் பிறபொருளெதிரிகள் அழிக்கின்றன. மூன்றாம் வகையில் பிறபொருளெதிரித் திரள்கள் குருதிக் குழாய்களில் படிகின்றன. நான்காம் வகையில் டி உயிரணுக்களே தாக்குகின்றன. பெனிசிலின் இந்நான்கு வகைகளையும் உண்டாக்க வல்லது.

எடுத்துக்காட்டுகள்

பெனிசிலின்

பெனிசிலின் வளர்சிதைமாற்றம் இன்றியே ஹாப்டெனாகச் செயல்படுகிறது. அதன் மூலக்கூறில் உள்ள நான்கு உறுப்புகள் கொண்ட பீட்டா-லாக்டம் வளையம் இறுக்கமானது, எளிதில் திறந்துகொள்வது. நுண்ணுயிரியின் நொதியில் இவ்வளையம் திறந்து பிணைவதாலேயே பெனிசிலின் நுண்ணுயிரியைக் கொல்கிறது. அதே வளையம் குருதியில் உள்ள ஆல்புமின் போன்ற புரதங்களின் லைசினுடன் வினைபுரிந்தால் பெனிசிலாயில் என்னும் அமைப்பு அப்புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. மருந்தின் நற்பயனும் ஒவ்வாமையும் ஒரே வேதிப்பண்பிலிருந்து பிறப்பதற்கு இது தெளிவான சான்றாகும். இப்பெனிசிலாயில் அமைப்பே பெனிசிலின் ஒவ்வாமையின் முதன்மை அடையாளம் என்பது 1960களில் பெர்னார்டு லெவின், அலென் டி வெக் முதலியோரின் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. பல லைசின்களைக் கொண்ட தொடருடன் இதனை இணைத்துத் தோல் சோதனைக்கான மருந்தும் உருவாக்கப்பட்டது.

ஹாலோத்தேன்

ஹாலோத்தேன் 1956இல் அறுவை மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வந்த மயக்க மருந்தாகும். தீப்பற்றாத தன்மையால் அது விரைவில் ஈத்தரின் இடத்தைப் பிடித்தது. ஆனால் அறுவைக்குப் பின் சில நாட்கள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும், கடுமையான கல்லீரல் அழிவும் ஏற்பட்டன. இவ்வினை ஏறத்தாழ 6,000 முதல் 35,000 பேருக்கு ஒருவருக்கு ஏற்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. முன்னர் ஒருமுறையேனும் ஹாலோத்தேன் பெற்றவர்களிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது.

உட்செல்லும் ஹாலோத்தேனில் ஏறத்தாழ 20 விழுக்காடு கல்லீரலில் மாற்றமடைகிறது. அப்போது உருவாகும் டிரைஃபுளோரோஅசிட்டைல் குளோரைடு கல்லீரல் புரதங்களின் லைசினுடன் பிணைகிறது. பாதிக்கப்பட்டோரின் குருதியில் இவ்வாறு மாறிய புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பது 1980களில் காட்டப்பட்டது. பின்வந்த மயக்க மருந்துகளான ஐசோஃபுளுரேனும் டெஸ்ஃபுளுரேனும் அதே வகை விளைபொருளையே தருகின்றன. ஆனால் அவற்றில் மாற்றமடையும் பங்கு முறையே ஏறத்தாழ 0.2 விழுக்காடும் 0.02 விழுக்காடும் மட்டுமே. அவற்றால் கல்லீரல் அழற்சி ஏற்படுவதும் அதற்கேற்ப மிக மிக அரிது. வினைமிகு விளைபொருளின் அளவுக்கும் இடருக்கும் உள்ள தொடர்பை இவ்வரிசை நன்கு விளக்குகிறது.

டையெனிலிக் அமிலம்

சிறுநீர்ப் பெருக்கியான இம்மருந்து பிரான்சில் 1976இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1979இல் அறிமுகமாகி, கல்லீரல் பாதிப்புகள் காரணமாக 1980இலேயே திரும்பப் பெறப்பட்டது. இதனை ஆக்சிசனேற்றம் செய்யும் சைட்டோகுரோம் பி450 2சி9 என்னும் நொதி, தான் உருவாக்கிய விளைபொருளாலேயே பிணைக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டோரிடம் காணப்பட்ட பிறபொருளெதிரிகள் இதே நொதியைத் தாக்குவனவாக இருந்தன. மருந்தை உருமாற்றிய நொதி, மருந்து ஒட்டிய புரதம், நோயெதிர்ப்பு மண்டலத்தின் இலக்கு ஆகிய மூன்றும் ஒன்றாகவே அமைந்த அரிய நேர்வு இது.

சல்ஃபாமெத்தாக்சசோல்

டிரைமெத்தோப்ரிமுடன் சேர்த்து, கோ-டிரைமாக்சசோல் என்னும் பெயரில் பரவலாகப் பயன்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி இது. இதன் பெரும்பகுதி அசிட்டைல் தொகுதி ஏற்று வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதி பி450 2சி9 நொதியால் ஹைட்ராக்சிலமீன் ஆகவும், பின்னர் தானாகவே நைட்ரசோ சேர்மமாகவும் மாறுகிறது. நைட்ரசோ சேர்மம் புரதங்களின் சிஸ்டீனுடன் உடனடியாக வினைபுரிகிறது. விலங்குச் சோதனைகளில் நைட்ரசோ சேர்மம் நோயெதிர்ப்பு வினையைத் தூண்டியது. தாய் மருந்து தூண்டவில்லை. எச்.ஐ.வி. தொற்று உடையோருக்கு இம்மருந்தால் ஒவ்வாமை ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுதி.

டாப்சோன்

தொழுநோய்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையின் உறுப்புகளுள் டாப்சோனும் ஒன்று. இந்தியாவில் மிகப் பலர் இச்சிகிச்சையைப் பெற்றுள்ளனர். இதுவும் சல்ஃபாமெத்தாக்சசோலைப் போல் ஹைட்ராக்சிலமீன் விளைபொருளைத் தருகிறது. டாப்சோன் எடுத்துக்கொள்வோரில் 0.5 முதல் 3.6 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில், காய்ச்சல், தோல் தடிப்பு, நிணநீர் முடிச்சு வீக்கம், கல்லீரல் பாதிப்பு ஆகியவை சேர்ந்து தோன்றுகின்றன. இவ்வாறு பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கின்றனர். சீனாவில் தொழுநோயாளிகளிடம் நடைபெற்று 2013இல் வெளியான ஆய்வு, எச்.எல்.ஏ-பி*13:01 என்னும் மரபணு மாற்றுருவைக் கொண்டவர்களுக்கு இவ்விடர் மிகுதி எனக் காட்டியது.

பிணைப்பு மட்டும் போதுமா?

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளைக் கொண்டு, புரதத்துடன் பிணையும் மருந்துகள் எல்லாம் ஒவ்வாமையை உண்டாக்கும் எனக் கருதுவது தவறாகும். இதற்குச் சிறந்த மறுசான்று பாராசிட்டமால். இதன் ஒரு சிறு பகுதி குயினோனிமைன் வகையைச் சேர்ந்த வினைமிகு விளைபொருளாக மாறுகிறது. அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால் கல்லீரலின் குளூட்டாதயோன் தீர்ந்து, அவ்விளைபொருள் புரதங்களுடன் பெருமளவில் பிணைந்து, கல்லீரலை அழிக்கிறது. ஆனால் இது நேரடி நச்சுத்தன்மையே; நோயெதிர்ப்பு மண்டலம் நிகழ்த்தும் ஒவ்வாமை அன்று. அளவு மிகுந்தால் எவருக்கும் நிகழக்கூடியது. குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீனை உரிய நேரத்தில் கொடுத்தால் இப்பாதிப்பைத் தடுக்கலாம். இவ்வளவு பிணைப்பு ஏற்பட்டும் பாராசிட்டமாலால் மிகையுணர்திறன் வினை ஏற்படுவது அரிதாகவே உள்ளது.

ஹாலோத்தேனும் இதையே கூறுகிறது. அதனைப் பெற்றோரின் கல்லீரலில் புரதப் பிணைப்பு பொதுவாகவே நிகழ்கிறது. நோயுற்றவர்களோ மிகச் சிலர். ஆகவே பிணைப்பு நோய்க்கான தொடக்கமாக இருக்கலாமே தவிர, அது தனித்து நோயை உண்டாக்குவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப இடர்க் கருதுகோள் துணைபுரிகிறது. அயற்பொருள் ஒன்று தென்படுவதால் மட்டும் நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுவதில்லை, உயிரணுக்கள் சேதமடைந்ததை அறிவிக்கும் இடர்ச்சைகைகளும் தேவை எனப் போலி மேட்சிங்கர் 1994இல் முன்மொழிந்தார். இதன்படி, மருந்து ஒட்டிய புரதம் முதற்சைகையாகவும், நோய்த்தொற்று, அறுவை, அல்லது மருந்தே உண்டாக்கும் உயிரணுச் சேதம் ஆகியவற்றில் ஒன்று இரண்டாம் சைகையாகவும் அமைகின்றன. இரண்டாவது சைகை இல்லாதபோது நோயெதிர்ப்பு மண்டலம் அப்புரதத்தைச் சகித்துக்கொள்கிறது. எச்.ஐ.வி. தொற்றுடன் சல்ஃபாமெத்தாக்சசோல் ஒவ்வாமை பெருகுவதற்கு இதனை ஒரு விளக்கமாகக் கூறுவர். எனினும் அத்தொற்றால் ஏற்படும் பிற மாற்றங்களும் காரணமாகலாம்.

மாற்று விளக்கங்கள்

ஒவ்வாமைக்குச் சகப்பிணைப்பு எப்போதும் தேவைதானா என்னும் கேள்வியும் எழுந்தது. சல்ஃபாமெத்தாக்சசோல் ஒவ்வாமை உடையவர்களிடமிருந்து பெறப்பட்ட டி உயிரணுக்களுள் பல, வினைமிகு விளைபொருள் இன்றி, மாற்றமடையாத தாய் மருந்துக்கே எதிர்வினை புரிந்தன. புரதத்தை வெட்டி முன்னிலைப்படுத்த இயலாதவாறு செய்யப்பட்ட உயிரணுக்களைப் பயன்படுத்தியபோதும் இது நிகழ்ந்தது. இதன் அடிப்படையில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த வெர்னர் பிக்லர் 2002இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மருந்து தன் வழக்கமான இலக்குடன் பிணைவது போலவே, எச்.எல்.ஏ. மூலக்கூறுடனோ டி உயிரணு ஏற்பியுடனோ வலுக்குறைந்த பிணைப்பால் நேரடியாக இணைந்து டி உயிரணுவைத் தூண்டலாம் என்பதே அக்கருத்து.

மூன்றாவது விளக்கம் எச்.ஐ.வி.க்கு எதிரான அபாகாவிர் என்னும் மருந்தின் ஆய்விலிருந்து கிடைத்தது. இம்மருந்தின் மிகையுணர்திறன் வினைக்கும் எச்.எல்.ஏ-பி*57:01 என்னும் மாற்றுருவுக்கும் உள்ள வலுவான தொடர்பு 2002இல் கண்டறியப்பட்டது. அபாகாவிர் சகப்பிணைப்பின்றி இம்மூலக்கூறின் பள்ளத்தின் அடியில் அமர்ந்து, அங்கு எந்தப் பெப்டைடுகள் பொருந்தும் என்பதையே மாற்றிவிடுகிறது என்று 2012இல் வெளியான படிக அமைப்பு ஆய்வுகள் காட்டின. இதனால் இதுவரை காட்டப்படாத சொந்தப் பெப்டைடுகள் காட்சிக்கு வருகின்றன. டி உயிரணுக்கள் அவற்றை அயலாகக் கருதுகின்றன.

இதே மாற்றுருவை உடையோருக்கு ஃபுளூகுளோக்சசிலின் என்னும் பெனிசிலின் வகை மருந்தால் கல்லீரல் பாதிப்பு ஏற்படும் இடரும் மிகுதி என 2009இல் அறியப்பட்டது. ஆனால் அம்மருந்து அபாகாவிரைப் போலன்றி, புரதங்களின் லைசினுடன் சகப்பிணைப்பை ஏற்படுத்தும் ஹாப்டெனாகும். ஒரே எச்.எல்.ஏ. மூலக்கூறை இரு மருந்துகள் இருவேறு வழிகளில் சிக்கலாக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. எனவே இம்மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மருந்துக்கு மருந்து வழிமுறை வேறுபடலாம். ஒரே மருந்தில் இரண்டு வழிமுறைகளும் இயங்கலாம்.

மரபணுவின் பங்கு

ஒரே மருந்தை ஒரே அளவில் எடுக்கும் இருவருள் ஒருவர் மட்டும் நோயுறுவதற்கு எச்.எல்.ஏ. மரபணுக்களின் வேறுபாடு முதன்மையான காரணங்களுள் ஒன்று. வலிப்பு நோய்க்கான கார்பமசெபினால் ஏற்படும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகை என்னும் கொடிய தோல் நோய்க்கும் எச்.எல்.ஏ-பி*15:02 என்னும் மாற்றுருவுக்கும் உள்ள தொடர்பை, தைவானில் ஹான் சீனரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2004இல் வெளிப்படுத்தியது. ஆசிய வழிவந்தோருக்கு இம்மருந்தைத் தொடங்கும் முன் அம்மாற்றுருவுக்கான சோதனை செய்யுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007இல் அறிவுறுத்தியது.

எனினும் மரபணுவும் முழு விடையைத் தருவதில்லை. எச்.எல்.ஏ-பி*57:01 உடையோர் அபாகாவிர் எடுத்தால் ஏறத்தாழ பாதிப்பேர் பாதிக்கப்படுகின்றனர். அதே மாற்றுருவை உடையோர் ஃபுளூகுளோக்சசிலின் எடுத்தால் 500 முதல் 1,000 பேருக்கு ஒருவரே கல்லீரல் பாதிப்புக்கு உள்ளாகின்றார். ஆகவே முதல் மருந்துக்கு முன்சோதனை பெரும்பயன் தருகிறது, இரண்டாவதற்கு அவ்வாறில்லை.

நடைமுறைப் பயன்கள்

மருந்து வடிவமைப்பு

மருந்து நிறுவனங்கள் புதிய மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவை வினைமிகு விளைபொருளைத் தருமா எனத் தொடக்கத்திலேயே ஆராய்கின்றன. கல்லீரல் நொதிகளுடன் மருந்தையும் குளூட்டாதயோனையும் சேர்த்து, இரண்டும் இணைந்த பொருள் உருவாகிறதா எனப் பார்ப்பது ஒரு முறை. கதிரியக்கக் குறியிட்ட மருந்து புரதத்தில் எவ்வளவு ஒட்டுகிறது என அளப்பது மற்றொரு முறை. அனிலீன், தயோபீன், நைட்ரோபென்சீன் போன்ற அமைப்புகள் எச்சரிக்கைக் குறிகளாகக் கொள்ளப்படுகின்றன.

ஆயினும் இச்சோதனைகளை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. இதயநோயாளிகளுக்குப் பயன்படும் குளோப்பிடோகிரெல், கல்லீரலில் உருவாகும் வினைமிகு விளைபொருளாலேயே குருதித் தட்டுகளின் ஏற்பியைப் பிணைத்துச் செயல்படுகிறது. அந்த விளைபொருளைத் தடுத்தால் மருந்தே பயனற்றுப் போகும். மேலும், நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக எடுக்கப்படும் மருந்துகளால் இத்தகைய எதிர்பாராத வினைகள் ஏற்படுவது அரிது. ஆகவே மருந்தின் அளவைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்பாகும்.

நோயாளிகளின் பாதுகாப்பு

அபாகாவிர் தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்வதன் பயனை, 2008இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. 19 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், சோதனை செய்து மருந்து பெற்ற குழுவில் நோயெதிர்ப்பு வழியில் உறுதிசெய்யப்பட்ட மிகையுணர்திறன் வினை ஒருவருக்கும் ஏற்படவில்லை. சோதனையின்றி மருந்து பெற்ற குழுவில் 2.7 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது.

எந்த மருந்துக்குப் பதில் எதனைக் கொடுக்கலாம் என முடிவு செய்யவும் ஹாப்டென் வேதியியல் உதவுகிறது. சல்ஃபாமெத்தாக்சசோல் ஒவ்வாமைக்குக் காரணமான அரோமேட்டிக் அமின் தொகுதி, சிறுநீர்ப் பெருக்கியான ஃபுரோசெமைடில் அதே வடிவில் இல்லை. ஆகவே இரண்டும் சல்ஃபோனமைடு வகையைச் சேர்ந்தவை என்னும் காரணத்தால் மட்டும் ஒன்றின் ஒவ்வாமை மற்றொன்றுக்கும் பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை. மாறாக, ஆம்பிசிலினும் செஃபலெக்சினும் வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவையாயினும் ஒரே பக்கத்தொடரைக் கொண்டவை. ஆகவே ஒன்றுக்கு ஒவ்வாமை உடையவருக்கு மற்றொன்றும் இடராகலாம். மருந்தின் குழுப்பெயரை விட, புரதத்தில் ஒட்டும் பகுதியின் வடிவமே முதன்மையானது.

ஒவ்வாமை என்னும் முத்திரை தவறாக இடப்படுவதும் உண்டு. பெனிசிலின் ஒவ்வாமை உடையவர் எனக் குறிக்கப்பட்டோரை முறையாகச் சோதித்தால் அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் அம்மருந்தைப் பாதுகாப்பாக ஏற்கின்றனர். தவறான முத்திரையால் இவர்களுக்குப் பொருத்தம் குறைந்த வேறு நுண்ணுயிர் எதிர்ப்பிகள் கொடுக்கப்படுகின்றன. மறுபுறம், உண்மையான ஒவ்வாமை பதிவு செய்யப்படாமல் விடுபட்டால், அதே மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். வினைக்குக் காரணமான மருந்தின் வணிகப் பெயரை மட்டுமன்றி, அதன் மூலப்பெயரையும், மருந்து தொடங்கிய நாளையும், தோன்றிய அறிகுறிகளையும் எழுதி வைத்திருப்பது, அடுத்த மருத்துவர் சரியான முடிவெடுக்க உதவும். இத்தகைய சோதனைகளை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும்.

இன்றைய நிலை

பெனிசிலின், ஹாலோத்தேன் போன்ற மருந்துகளின் வினைகளை ஹாப்டென் கருதுகோள் நன்கு விளக்குகிறது. அபாகாவிர் போன்றவற்றுக்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது. வினைமிகு விளைபொருள், அதனை நீக்கும் திறன், இடர்ச்சைகை, எச்.எல்.ஏ. மாற்றுரு, பொருந்தும் டி உயிரணு ஆகியவற்றுள் பல ஒரே மனிதரிடம் ஒரே வேளையில் ஒன்றுகூடும்போதே நோய் தோன்றுகிறது எனக் கருதப்படுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே பரவலாக இருப்பினும், அவை ஒன்றுகூடுவது அரிது. மருந்து ஒவ்வாமை பெரும்பாலோரை விட்டுவிட்டுச் சிலரை மட்டும் தாக்குவதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.